அழுத்தினா மூடணும்: கால் ரத்தக்கட்டி பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல "ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கினா அன்னிக்கே கேஷுவாலிட்டிக்குப் போங்க"ன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் வரும்னு நினைக்கல. பாதிப் பேர் கேட்டிருக்கிறது ஒரே விஷயம்தான், அவசர சிகிச்சைப் பிரிவுல படுக்கைகிட்டயே ஒரு சின்ன மெஷினைத் தள்ளிட்டு வந்து காலை ஸ்கேன் பண்றாங்களே, அதை நம்பலாமா. அதனால சுகர், தலைசுத்தல், நாய்க்கடி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இந்தத் தடவை இதை மட்டும் எடுத்துக்கிறேன்.

வாசகி, கும்பகோணம்: அப்பாவுக்கு 61 வயசு. கணுக்கால் எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டு 5 வாரம் வீட்ல இருந்தார். கட்டு பிரிச்ச நாலாவது நாள் கெண்டைக்கால் வீங்கி வலிக்குதுன்னார். ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டியூட்டி டாக்டர் ஒரு சின்ன ஸ்கேன் மெஷினைக் கொண்டுவந்து தொடை இடுக்குலயும் முட்டிக்குப் பின்னாடியும் அழுத்தி அழுத்திப் பார்த்தார், அஞ்சு நிமிஷம்கூட ஆகல, "கட்டி இருக்கு"ன்னு சொல்லி தொப்புள் பக்கத்துல ஊசி போட்டுட்டார். ஸ்கேன் டாக்டர் மறுநாள்தான் வந்து பார்த்தார். அதுக்குள்ள ஊசி போட்டது சரியான்னு சித்தப்பா இன்னிக்கு வரைக்கும் சண்டை போடறார். நீங்களே சொல்லுங்க டாக்டர்.

அப்பா இப்போ நல்லா நடக்கிறார்னு கடைசியில எழுதியிருந்தீங்க, சந்தோஷம்மா. அந்த டியூட்டி டாக்டர் செஞ்சது சரி. சித்தப்பாவோட கேள்வியும் நியாயமான கேள்விதான், அஞ்சு நிமிஷத்துல எப்படித் தெரியும்னு யாருக்கும் தோணும், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், அவருக்கும் படிச்சுக் காட்டுங்க.

நம்ம ஊர்ல எல்லாத்தையும் நரம்புன்னுதான் சொல்வோம், ஊசி ஏத்துறதும் நரம்பு, கால்ல சுருண்டு நிக்கிறதும் நரம்பு. உண்மையில அதெல்லாம் ரத்தக்குழாய். அதுல ரெண்டு வகை இருக்கு. இதயத்துலேர்ந்து ரத்தம் கொண்டு வர்றது தமனி, சுவர் தடிமனா இருக்கும், உள்ள அழுத்தம் ஜாஸ்தி, தொட்டா துடிக்கும். ரத்தத்தைத் திரும்ப மேல கொண்டு போறது சிரை, சுவர் மெல்லிசு, அழுத்தமும் கம்மி. காலியான பால் பாக்கெட்டை ரெண்டு விரலால அழுத்தினா ரெண்டு பக்கமும் எப்படி ஒட்டிக்குதோ அதே மாதிரி சிரையை மேலேர்ந்து லேசா அழுத்தினாலே ஒட்டி மூடிக்கும். உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியா நின்னா மூடாது. மொத்த சோதனையும் இந்த ஒரு விஷயத்தை வச்சுத்தான், அழுத்தினா மூடணும், மூடலைன்னா உள்ள ஏதோ இருக்கு.

அப்பாவைப் படுக்க வச்சு தலைமாட்டைக் கொஞ்சம் தூக்கியிருப்பாங்க, முட்டியை லேசா மடக்கி காலை வெளிப்பக்கமா சாய்ச்சு வச்சிருப்பாங்க, கவனிச்சீங்களான்னு தெரியல. தலைப்பக்கம் உயர்ந்தா காலோட சிரையில ரத்தம் நிறைஞ்சு பருத்துத் தெரியும், அதுக்காக. அப்புறம் ஜெல்லைத் தடவி தொடை இடுக்குல கருவியை வச்சா ஸ்கிரீன்ல ரெண்டு கருப்பு வட்டம் பக்கத்துல பக்கத்துல தெரியும், ஒண்ணு துடிச்சுக்கிட்டே இருக்கும், இன்னொண்ணு சும்மா இருக்கும். அழுத்தினா துடிக்கிறது அப்படியே நிக்கும், சும்மா இருக்கிறது கண் சிமிட்டுற மாதிரி மூடித் திறக்கும். ஒரு சென்டிமீட்டர் கீழ நகர்த்தி திரும்ப அழுத்தம், திரும்ப நகர்த்தி திரும்ப அழுத்தம், அப்புறம் முட்டிக்குப் பின்னாடி மடிப்புலயும் அதே மாதிரி. கட்டி இருக்கிற இடத்துல அந்தக் கண் சிமிட்டாது, பக்கத்துல இருக்கிற தமனியே நசுங்குற அளவுக்கு அழுத்தினாலும் சிரை உருண்டையாவே முறைச்சுக்கிட்டு நிக்கும். அதை முதல் தடவை பார்த்த எந்த டாக்டரும் மறக்க மாட்டாங்க.

இது நேத்து முளைச்ச விஷயம் இல்லை. முன்னாடியெல்லாம் பாதத்துல ஊசி குத்தி சாயம் ஏத்தி எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபிடிப்பாங்க, வலி, செலவு, சாயத்தால அலர்ஜி வேற. 1989-ல 220 பேருக்கு அந்த சாய எக்ஸ்ரேயையும் இந்த அழுத்திப் பார்க்கிற ஸ்கேனையும் ரெண்டையும் செஞ்சு ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்துச்சு. முட்டி அளவுலயும் அதுக்கு மேல தொடையிலயும் கட்டி இருந்த 66 பேரையும் ஸ்கேன் ஒருத்தர் விடாம பிடிச்சிருந்தது. சரி அது அனுபவஸ்தங்க கை, கேஷுவாலிட்டி டாக்டர் கைக்கு வந்தா எப்படின்னு கேட்டா அதுக்கும் கணக்கு இருக்கு, 16 ஆய்வுகள், 2379 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல ஒரு தொகுப்பு வெளியாச்சு. கட்டி இருக்கிற 100 பேர்ல 96 பேரை அவங்க சரியாப் பிடிக்கிறாங்க, இல்லாத 100 பேர்ல 97 பேருக்கு இல்லைன்னு சரியாச் சொல்றாங்க. பயிற்சி எடுத்த டாக்டர்களைச் சொல்றேன், மெஷினை நேத்து பிரிச்சவங்களை இல்லை.

ஏன் காலையில வரைக்கும் காத்திருக்கலைன்னுதானே சித்தப்பா கேக்கிறார். நான் மேல்படிப்பு படிச்ச காலத்துல ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 40 வயசு மில் தொழிலாளி ஒருத்தர் வந்தார், உங்க அப்பா மாதிரியேதான், கணுக்கால் கட்டு, கெண்டைக்கால் வீக்கம். ஸ்கேன் ரூம் பூட்டியாச்சு, திங்கக்கிழமை டாப்ளர் (ரத்த ஓட்டத்தையும் காட்டுற ஸ்கேன்) எடுத்துக்கலாம்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்து அனுப்பிச்சாங்க. அனுப்பினவங்கள்ல நானும் ஒருத்தி. ஞாயித்துக்கிழமை ராத்திரி மூச்சு வாங்குதுன்னு ஆட்டோல தூக்கிட்டு வந்தாங்க, அவர் சட்டைப் பையில அந்தச் சீட்டு நாலா மடிச்சு அப்படியே இருந்துச்சு. கால்ல இருந்த கட்டி கழண்டு இதயம் வழியா நுரையீரலுக்குப் போய் ரத்த ஓட்டத்தை அடைச்சிருச்சு, எங்களால காப்பாத்த முடியல. அவர் மனைவிகிட்ட நான் என்ன சொன்னேன்னு எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இல்லை, அந்த அம்மா கையில இருந்த டிபன் கேரியர் மட்டும் ஞாபகம் இருக்கு. ஸ்கேன் ரூம் பூட்டியிருந்தது மட்டும் தப்பு இல்லை, சந்தேகம் பலமா இருந்தா ஸ்கேனுக்கு முன்னாடியே ஊசியை ஆரம்பிச்சிருக்கலாம், அதுவும் நடக்கல. இங்கிலாந்து வழிகாட்டுதல்ல இப்போ தெளிவாவே போட்டிருக்கு, சந்தேகம் பலமா இருந்தா முடிஞ்சவரை 4 மணி நேரத்துக்குள்ள ஸ்கேன், முடியலைன்னா மருந்தை ஆரம்பிச்சுட்டு 24 மணி நேரத்துக்குள்ள ஸ்கேன்னு.

உங்க அப்பாவுக்கு தொப்புள் பக்கத்துல போட்டது பெரும்பாலும் எனாக்ஸாபரின்னு ஒரு ஹெப்பாரின் வகை ஊசியா இருக்கும், அது இருக்கிற கட்டியைக் கரைக்கிற மருந்து இல்லை, மேற்கொண்டு வளரவிடாம நிறுத்தும், கரைக்கிற வேலையை உடம்பே மெதுவாப் பார்த்துக்கும். பொதுவா கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒண்ணு, அதனாலதான் ஊசிக்கு முன்னாடி எடை எவ்ளோன்னு கேட்பாங்க, கிட்னி எப்படி இருக்குன்னு ரத்தமும் எடுப்பாங்க. மறுநாள் ஸ்கேன் டாக்டர் முழுக்காலையும் பார்த்ததும் தேவையான விஷயம்தான், கட்டி எங்கேர்ந்து எது வரைக்கும் இருக்குன்னு அவங்கதான் அளந்து எழுதுவாங்க. ராத்திரி பார்த்தது ஊசி போடணுமா வேண்டாமாங்கிற கேள்விக்கு, காலையில பார்த்தது மத்த எல்லாக் கேள்விக்கும்.

வாசகர், மதுரை: என் மனைவிக்கு இதே ஸ்கேனை கேஷுவாலிட்டில பண்ணிட்டு கட்டி இல்லைன்னு சொன்னாங்க. சொல்லிட்டு ஒரு வாரம் கழிச்சு திரும்ப வந்து ஸ்கேன் பண்ணிக்கச் சொல்றாங்க. இல்லைன்னு சொன்னப்புறம் எதுக்கு இன்னொரு தடவை, காசு பார்க்கவா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழ் பூரா இதையே எழுதணும்னு முடிவு பண்ணேன் சார். தயவுசெஞ்சு போயிடுங்க. அந்த ரெண்டாவது ஸ்கேனைச் சேர்த்தாத்தான் முதல் ஸ்கேனுக்கே மதிப்பு.

மேல சொன்னேன்ல, தொடை இடுக்கு, முட்டிக்குப் பின்னாடி, இந்த ரெண்டு இடம்தான் படுக்கை ஸ்கேன்ல முக்கியமாப் பார்க்கிறது. ஆபத்தான பெரிய கட்டிகள் இங்கதான் பெரும்பாலும் தெரியும். ஆனா கட்டி பலருக்கு உருவாக ஆரம்பிக்கிறது கெண்டைக்கால்ல இருக்கிற சின்னச் சின்ன சிரையில. அந்த 1989 ஆய்வைச் சொன்னேனே, அதே ஆய்வுல கெண்டைக்கால்ல மட்டும் கட்டி இருந்த 11 பேர்ல 4 பேரைத்தான் ஸ்கேன் பிடிச்சுச்சு. அந்தச் சின்னக் கட்டி நிறைய பேருக்கு தானாவே கரைஞ்சிடும், சிலருக்கு மட்டும் ஒரு வாரம் பத்து நாள்ல மேல ஏறி முட்டியைத் தாண்டும். யாருக்கு ஏறும்னு முன்கூட்டி சொல்ல முடியாது, அதனால 5-லேர்ந்து 7 நாள் கழிச்சு இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தா ஏறியிருந்தா மாட்டிக்கும். அப்பவும் மூடித் திறந்தா நிம்மதியா இருக்கலாம்.

இத்தாலியில 2000 பேருக்கு மேல வச்சு இதைச் சோதிச்சிருக்காங்க, 2008-ல ஜாமாங்கிற அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஒரு குழுவுக்கு ரெண்டு இடத்துல மட்டும் அழுத்திப் பார்த்து, மூடினா டி-டைமர்னு ரத்தப் பரிசோதனை, அது ஏறியிருந்தா ஒரு வாரத்துல திரும்ப ஸ்கேன். இன்னொரு குழுவுக்கு முழுக்கால் கலர் டாப்ளர் ஒரே தடவை. கட்டி இல்லைன்னு அனுப்பினவங்களை 3 மாசம் கவனிச்சதுல முதல் குழுவுல 0.9 சதவீதம், ரெண்டாவது குழுவுல 1.2 சதவீதம் பேருக்குத்தான் அப்புறம் கட்டி வந்துச்சு, ரெண்டும் சமம்னே எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு பாருங்க, முதல் குழு அவ்ளோ நல்லா வந்ததுக்குக் காரணமே தேவைப்பட்டவங்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்ததுதான், அதை வெட்டிட்டா அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது.

இன்னொரு விஷயமும் இருக்கு. தொடை இடுக்குக்கும் முட்டிக்கும் நடுவுல தொடையிலயே மட்டும் கட்டி இருந்தா ரெண்டு இடத்துல பார்க்கிற ஸ்கேன் அதைத் தாண்டிப் போயிடலாம். 2015-ல ஒரு அமெரிக்க ஆய்வுல கட்டி இருந்தவங்கள்ல 100-க்கு அஞ்சாறு பேருக்கு இப்படித் தொடையில மட்டும் இருந்துச்சு. அதுக்கப்புறம் நிறைய இடங்கள்ல தொடை முழுக்க அழுத்திக்கிட்டே இறங்குறாங்க, நானும் அப்படித்தான் பண்றேன், கூடுதலா ரெண்டு நிமிஷம்தான் ஆகுது.

செலவு கஷ்டம்னா அதை டாக்டர்கிட்டயே நேரா சொல்லுங்க, டி-டைமர் நார்மலா இருந்து சந்தேகமும் குறைவா இருந்தா ரெண்டாவது ஸ்கேனே தேவைப்படாமப் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் எடுத்துக்கலாம். ஆனா காசு பார்க்கிறாங்கன்னு நீங்களே முடிவு பண்ணி வீட்ல மட்டும் இருந்துடாதீங்க. நடுவுல மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ இருமும்போது ரத்தம் வந்தாலோ ஒரு வாரக் கணக்கெல்லாம் பார்க்காம 108-க்கு போன் போடுங்க.

வாசகி, விருதுநகர்: இப்படி அழுத்தி அழுத்திப் பார்த்தா அந்தக் கட்டியே கழண்டு நுரையீரலுக்குப் போயிடாதா? படிச்சதுலேர்ந்து பயமா இருக்கு.

நல்ல கேள்விம்மா, நானும் மாணவியா இருந்தப்போ இதையே கேட்டேன். அப்படி நடந்ததா மருத்துவ இதழ்கள்ல ஒண்ணு ரெண்டு பதிவு உண்டு, ஆனா உலகம் முழுக்க தினமும் எத்தனையோ பேருக்கு இந்த ஸ்கேன் நடக்குது, அதோட பார்த்தா ரொம்ப ரொம்ப அபூர்வம். கருவியை நேர் மேலேர்ந்து ஒரு நொடி அழுத்தி எடுக்கிறோம், அவ்ளோதான். கட்டியே கண்ணுக்குத் தெரிஞ்சாலோ ஒரு இடத்துல மூடலைன்னு உறுதியானாலோ அங்க திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது, அதையும் சொல்லித்தான் கத்துக்கொடுக்கிறோம்.

நான் பயப்படறது வேற ஒரு அழுத்தத்துக்கு. கால் வீங்கினதும் சுளுக்குன்னு நினைச்சு எண்ணெய் தேய்ச்சு கீழேர்ந்து மேலயா கால் மணி நேரம் பலமா உருவி விடறது. உருவி விடறவர் மேல எனக்குக் கோபம் இல்லை, அவர் சுளுக்குன்னு நம்பித்தான் செய்றார். காரணமே தெரியாம ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தா உருவுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி, இந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

வாசகர், திருநெல்வேலி: வீட்டுக்குப் பக்கத்து லேப்ல நானாவே டி-டைமர் எடுத்தேன், 820-ன்னு வந்திருக்கு, 500-க்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு. எனக்கு 68 வயசு, போன வாரம்தான் நிமோனியா காய்ச்சல் விட்டுச்சு. கால்ல லேசா வலி, வீக்கம் இல்லை. ரத்தக்கட்டி இருக்குன்னு அர்த்தமா?

அப்படி அர்த்தம் இல்லை ஐயா. உடம்புல எங்கயாவது ரத்தம் உறைஞ்சு கரையும்போது விழற துண்டுதான் டி-டைமர். காய்ச்சல், ஆபரேஷன், அடிபட்டது, கர்ப்பம், புற்றுநோய், வெறும் வயசு, எல்லாத்துலயும் ஏறும். நிமோனியா விட்டு ஒரு வாரம்னா ஏறாம இருந்தாத்தான் ஆச்சரியம். இந்தச் சோதனையோட உபயோகமே குறைவா வந்தாத்தான், சந்தேகமும் குறைவா இருந்து டி-டைமரும் நார்மலா இருந்தா ஸ்கேன் இல்லாமயே கட்டி இல்லைன்னு சொல்லிடலாம். ஜாஸ்தி வந்தா அதை வச்சு இருக்குன்னு சொல்ல முடியாது, பார்க்கணும்னு மட்டும்தான் சொல்லலாம். 50 வயசு தாண்டினவங்களுக்கு 500-க்குப் பதிலா வயசை 10-ஆல பெருக்கி வர்றதை எல்லையா வச்சுக்கிற வழக்கமும் பல இடத்துல இருக்கு, உங்களுக்கு அது 680, லேப்போட அளவு முறை ஒத்துப்போனாத்தான் அந்தக் கணக்கு செல்லும்.

டாக்டருங்க முதல்ல பார்க்கிறது லேப் நம்பரை இல்லை, வெல்ஸ் ஸ்கோர்னு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். புற்றுநோய் சிகிச்சை நடக்குதா, கால்ல மாவுக்கட்டு இல்லை பக்கவாதம் உண்டா, 3 நாளோ அதுக்கு மேலயோ படுத்த படுக்கையா இருந்தீங்களா இல்லை 12 வாரத்துக்குள்ள பெரிய ஆபரேஷன் நடந்துச்சா, முன்னாடி கட்டி வந்திருக்கா, முழுக்காலும் வீங்கியிருக்கா, விரலால அழுத்தினா குழி விழுதா, இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க். வேற காரணம்தான் இருக்கும்னு தோணினா 2 மார்க் கழிச்சுடுவோம். 2-ம் அதுக்கு மேலயும் வந்தா சந்தேகம் பலம்.

அதுல ஒண்ணை நீங்க வீட்லயே பார்க்கலாம். முட்டிச்சில்லுக்குக் கீழ முன்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும், அங்கேர்ந்து 10 சென்டிமீட்டர் கீழ பேனாவால ஒரு கோடு போட்டு, தையல் டேப்பால கெண்டைக்காலைச் சுத்தி அளங்க, ரெண்டு காலையும். வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா அதுக்கு ஒரு மார்க். இழுத்து இறுக்கிப் பிடிக்காம அளக்கணும். உங்களுக்கு வித்தியாசம் இல்லைன்னாலும் காய்ச்சல்ல படுத்து எழுந்தவர், வலியும் இருக்கு, அதனால இன்னிக்கோ நாளைக்கோ ஒரு டாக்டர்கிட்ட காலைக் காட்டிடுங்க, லேப் சீட்டை மட்டும் காட்டாதீங்க.

வாசகி, நாகர்கோவில்: சிசேரியன் ஆகி 12 நாள் ஆகுது. இடது கால் தொடையிலேர்ந்து வீங்கி கனமா இருக்கு. பிள்ளை பெத்த உடம்பு, நீர் வடிஞ்சா சரியாயிடும்னு அத்தை சொல்றாங்க. தண்ணியும் கொஞ்சமாத்தான் குடிக்கச் சொல்றாங்க.

இந்தக் கடிதத்துக்கு இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்கல, மெசேஜைப் பார்த்த அன்னிக்கே போன் பண்ணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். அவங்க சம்மதத்தோட மத்தவங்களுக்காக இங்க போடறேன்.

கர்ப்ப காலத்துலயும் பிரசவம் ஆகி 6 வாரம் வரைக்கும் ரத்தம் உறையிற தன்மை ஜாஸ்தியா இருக்கும், பிரசவத்துல ரத்தப்போக்கை நிறுத்த உடம்பு செஞ்சுக்கிற ஏற்பாடு அது. அதோட சிசேரியன், படுக்கை, தண்ணி குடிக்காம உடம்பு வறண்டு போறது எல்லாம் சேர்ந்தா கட்டிக்கு வசதி. இடது கால்ல ஜாஸ்தியா வர்றதுக்கும் காரணம் உண்டு, இடுப்புக்குள்ள இடது பக்கத்துச் சிரை மேல வலது பக்கத்துத் தமனி குறுக்கே ஏறிப் போகுது, அதனால அந்தப் பக்கம் ரத்தம் மேல ஏற ஏற்கெனவே கஷ்டம்.

இவங்களுக்கு ஒரு சிக்கலும் இருக்கு, படுக்கை ஸ்கேனை மட்டும் நம்ப முடியாத இடம் இது. கட்டி தொடை இடுக்குக்கும் மேல இடுப்புக்குள்ள இருந்தா அங்க கருவியை வச்சு அழுத்த முடியாது, கீழ எல்லாம் அழகா மூடித் திறக்கும், டாக்டரும் ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுடலாம். அதனால பிரசவம் ஆன பொண்ணுக்கு முழுக்காலும் வீங்கியிருந்து ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைன்னா அதோட விடாம டாப்ளர், தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ வரைக்கும் போகணும். தாய்ப்பால் பத்திக் கவலை வேண்டாம், ஹெப்பாரின் ஊசியும், ரத்தம் உறையாம தடுக்கிற வார்ஃபரின் மாத்திரையும் எடுத்துக்கிட்டே பால் கொடுக்கலாம், ரிவராக்ஸபான் மாதிரி புது மாத்திரைகளைத்தான் பால் கொடுக்கிற காலத்துல தவிர்ப்போம். அத்தைக்கு ஒரு வேண்டுகோள், மருமகளுக்கு வேணுங்கிற அளவு தண்ணி கொடுங்கம்மா, தண்ணி குடிச்சா புண்ணுல சீழ் பிடிக்கும்னு சொல்றது உண்மை இல்லை.

வாசகர், சேலம்: 58 வயசு. சாயங்காலமானா ரெண்டு காலும் பாதம் வீங்குது, காலையில வத்திடுது. பிபிக்கு அம்லோடிபின் சாப்பிடறேன். இந்த ஸ்கேன் எனக்கு வேணுமா?

ரெண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி ராத்திரி படுத்தா வத்துதுன்னா ரத்தக்கட்டி காரணமா இருக்க வாய்ப்பு குறைவு. அம்லோடிபினே பாதத்தை வீங்க வைக்கும், நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொன்னா அளவைக் குறைப்பார் இல்லை மாத்திக் கொடுப்பார். இதயம், கிட்னி, ஈரல் மூணையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

இளம் மருத்துவர், தாலுகா மருத்துவமனை: எங்க கேஷுவாலிட்டிக்கு ஒரு ஸ்கேன் மெஷின் வந்திருக்கு. கத்துக்க ஆசை. எங்கெங்க தப்பு வரும்னு சொல்லுங்க மேடம்.

ஆசைப்பட்டதுக்கே வாழ்த்துகள் தம்பி. பொது வாசகர்களும் படிக்கட்டும், டாக்டருக்கு என்ன கஷ்டம்னு தெரிஞ்சா நல்லதுதானே.

முதல் தப்பு, கட்டியைக் கண்ணால தேடறது. புதுசா உறைஞ்ச கட்டி ஸ்கிரீன்ல ரத்தம் மாதிரியே கருப்பாத்தான் தெரியும், "உள்ள ஒண்ணும் தெரியல, நார்மல்"னு எழுதிடுவீங்க. கண்ணை நம்பாதீங்க, அழுத்தத்தை நம்புங்க. சுவரும் சுவரும் முழுசா ஒட்டணும், முக்கால்வாசி ஒட்டிச்சுன்னா அது ஒட்டல.

ரெண்டாவது, அழுத்தம் பத்தாதது, இல்லைன்னா சாய்ஞ்சு விழறது. உடம்பு பருமனா இருக்கிறவங்களுக்கு கை வலிக்கும், கருவி வழுக்கும், சிரை மூடல கட்டின்னு முடிவு பண்ணிடுவோம். பக்கத்துத் தமனி லேசா நசுங்குற அளவுக்கு அழுத்தியும் மூடலைன்னாத்தான் கணக்கு. கருவி நேர் செங்குத்தா இருக்கான்னு பாருங்க.

மூணாவது, தொடை இடுக்குல நெறிகட்டி. நம்ம ஊர்ல கால்ல புண்ணோ வெடிப்போ இருந்தா நெறி கட்டாம இருக்காது, ஸ்கேன்ல அது உருண்டையா, மூடாத சிரை மாதிரியே ஏமாத்தும். கருவியைக் கொஞ்சம் மேலயும் கீழயும் நகர்த்துங்க, நெறி அங்கயே முடிஞ்சு போயிடும், சிரை குழாயாத் தொடர்ந்துக்கிட்டே போகும்.

முட்டிக்குப் பின்னாடி சிரைதான் மேல இருக்கும், தமனி அதுக்குக் கீழ. ஜெல் வச்ச கையோட கனத்துலயே அந்தச் சிரை மூடிக்கும், சிரையைக் காணோம்னு தேடிக்கிட்டே இருப்பீங்க, கையைக் கொஞ்சம் லேசாக்குங்க, வந்துடும். சிலருக்கு அங்க ரெண்டு சிரை இருக்கும், ஒண்ணு மூடிச்சுன்னு கிளம்பிடாதீங்க. அங்கயே நீர்க்கட்டி, சதைக்கிழிசல் இதெல்லாமும் தெரியலாம், வீக்கத்துக்கு அதுகூட காரணமா இருக்கும். யானைக்கால் வீக்கமும், தோல் சிவந்து சூடா இருக்கிற தொற்றும் நம்ம பக்கம் சகஜம், அது இருக்குன்னு ஸ்கேனை விட்டுடக் கூடாது, ரெண்டும் சேர்ந்தே இருந்த நோயாளியை நானே பார்த்திருக்கேன்.

பழகறதுக்கு, முதல் மாசம் நீங்க பார்த்த ஒவ்வொரு காலையும் ஸ்கேன் டாக்டரோட ரிப்போர்ட்டோட ஒப்பிட்டு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. நல்ல கால்களை நிறைய அழுத்திப் பார்த்தவங்களுக்குத்தான் கெட்டது சட்டுனு தெரியும். அப்புறம் கேஸ் ஷீட்ல "ரத்தக்கட்டி இல்லை"ன்னு எழுதாம "இடது கால், தொடை இடுக்குலேர்ந்து முட்டி வரைக்கும் சிரை அழுத்தினா மூடுது, கெண்டைக்கால் பார்க்கல, ஒரு வாரத்துல திரும்பப் பார்க்கணும்"னு எழுதுங்க. அடுத்த டாக்டருக்கு நீங்க எதைப் பார்த்தீங்க எதைப் பார்க்கலன்னு தெரியணும்.

சட்டத்தையும் மறக்காதீங்க. கருவுல இருக்கிறது ஆணா பொண்ணான்னு பார்க்கிறதைத் தடுக்க 1994-ல வந்த சட்டத்துல ஸ்கேன் மெஷின் எல்லாமே பதிவுக்குள்ள வருது, காலைப் பார்க்கத்தான் வாங்கினோம்னு சொன்னா செல்லாது. பதிவுல மெஷின் இருக்கா, அதைப் பயன்படுத்துறவங்கள்ல உங்க பேர் முறைப்படி சேர்ந்திருக்கான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க. சின்ன மெஷின்தானேன்னு கார்ல வச்சு முகாம் முகாமா எடுத்துட்டுப் போகக் கூடாது. ராத்திரி 2 மணிக்கு ஒரு காலைப் பார்க்க இவ்ளோ காகிதமான்னு எனக்கும் ஆதங்கம் உண்டு, ஆனா அந்தச் சட்டம் ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்ச ஊர்லதான் நானும் பிறந்தேன், அதனால காகிதத்தை முடிச்சுட்டே ஆரம்பிப்போம்.

வாசகர், ஈரோடு: அம்மாவுக்கு 74 வயசு. கால் ரத்தக்கட்டிக்கு 3 மாசம் மாத்திரை சாப்பிட்டு முடிச்சாச்சு, வீக்கம் போயிடுச்சு. இப்போ ஸ்கேன் எடுத்தா சிரை முழுசா மூடலைன்னு வந்திருக்கு. மருந்து வேலை செய்யலையா?

மருந்து வேலை செஞ்சிருக்கு, வீக்கம் போனதே அதுக்கு அடையாளம். கட்டி எல்லாருக்கும் முழுசாக் கரையாது, பலருக்கு சிரைச் சுவரோட ஒட்டி தழும்பு மாதிரி தங்கிடும், அந்த இடம் அப்புறம் எப்பவுமே சரியா மூடாது. மாத்திரையைத் தொடரணுமா நிறுத்தணுமாங்கிறதை இந்த ஸ்கேனை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது, முதல்ல கட்டி எதனால வந்துச்சுன்னு பார்ப்போம், ஆபரேஷனுக்கு அப்புறம் வந்ததுன்னா பெரும்பாலும் 3 மாசத்தோட நிறுத்தலாம், காரணமே இல்லாம வந்ததுன்னா இல்லை புற்றுநோய் இருந்தா நீட்டிப்போம். அது உங்க டாக்டர்கிட்ட நேர்ல பேச வேண்டியது.

இந்தக் கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க. நாளைக்கே அம்மாவுக்குத் திரும்ப கால் வீங்கி ராத்திரி கேஷுவாலிட்டிக்குப் போனா, டியூட்டி டாக்டர் அழுத்திப் பார்ப்பார், மூடாது, அது பழைய தழும்பா புதுக் கட்டியான்னு அந்த நேரத்துல அவருக்குத் தெரிய ஒரே வழி, எந்த இடம் எவ்ளோ மூடாம இருந்துச்சுன்னு எழுதின இந்த ரிப்போர்ட்தான். அது கூட இருக்கிற பளபளன்னு கருப்புப் பட பேப்பர் சூட்டுல அச்சாகிறது, நாளாக நாளாக மங்கிடும், லேமினேஷன் பண்ணா சூட்டுல மொத்தமாக் கருத்துப் போயிடும். இன்னிக்கே போன்ல போட்டோ எடுத்து உங்களுக்கும் தங்கச்சிக்கும் அனுப்பி வச்சுடுங்க.